கைப்பேசியும் மூளைப் புற்றுநோயும்: இத்தனை ஆய்வுகள் ஏன் ஒத்துப்போகவில்லை?

வெண்ணிலா

வணக்கம். இதுவரை இங்கே வாசித்துவிட்டுப் போனதோடு சரி. எழுதுவது இதுவே முதல் முறை.

என் தம்பிக்கு நாற்பத்து மூன்று வயது. ஏழு மாதங்களுக்கு முன் மூளையின் வலது பொட்டு மடலில் கிளியோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து, கதிர் சிகிச்சையும் முடிந்து, இப்போது மாத்திரையில் இருக்கிறான். சரக்கு லாரிகளை ஒருங்கிணைக்கும் வேலை அவனுக்கு. 2001 முதல் காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை காதில் போன்தான்.

பார்க்க வருகிறவர்கள் பழத்தை மேசையில் வைத்த கையோடு சொல்லும் முதல் வார்த்தை, "அந்தப் போன்தான் காரணம்." அவன் எதிரிலேயே சொல்கிறார்கள். போன வாரம் அவன் என்னிடம் கேட்டான்: "இயர்போன் போட்டுப் பேசியிருந்தால் தப்பித்திருப்பேன், இல்லையா அக்கா?" பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து போய்விட்டேன்.

அன்றிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். 2011 இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்று வகைப்படுத்தியிருக்கிறது. 2018 இல் அமெரிக்க அரசின் எலி ஆய்வு "தெளிவான சான்று" என்கிறது. 2024 இல் அதே உலகச் சுகாதார நிறுவனம் கேட்டு வாங்கிய மீளாய்வு "தொடர்பில்லை" என்கிறது. எதுவும் சின்ன இடம் இல்லை. நான் எதை அவனிடம் சொல்வது?

மின்மினி

சகோதரி, உங்கள் தம்பி நலம்பெற வேண்டும். நான் இயற்பியல் கற்பிப்பவள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

கைப்பேசி அனுப்புவது வானொலி அலை. இரண்டு கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டான் சுமக்கும் ஆற்றல், ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு. அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெறிய அதைப்போல் பத்து லட்சம் மடங்கு வேண்டும். எக்ஸ் கதிருக்கு அந்த வலு உண்டு, வானொலி அலைக்கு இல்லை. உடம்பின் வெப்பத்தால் நம் மூலக்கூறுகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றனவே, அந்த அதிர்வின் ஆற்றலே இந்த ஃபோட்டானைப்போல் மூவாயிரம் மடங்கு இருக்கும். ஆகவே இது மரபணுவை நேரடியாக உடைக்காது. திசுவைச் சற்றுச் சூடாக்கும், அவ்வளவுதான். அந்தச் சூட்டுக்குத்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள்: அமெரிக்காவில் ஒரு கிராம் திசுவுக்குச் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட், ஐரோப்பாவில் பத்து கிராமுக்குச் சராசரியாக 2 வாட்.

தீக்குச்சி

மின்மினி எழுதியது: "ஆகவே இது மரபணுவை நேரடியாக உடைக்காது."

"நேரடியாக" என்ற சொல்லில் எல்லாவற்றையும் ஒளித்துவிட்டீர்கள். லண்டனின் புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பையில் புற்றுநோய் வருகிறது என்று பெர்சிவல் பாட் எழுதியது 1775 இல். கரியில் எந்த வேதிப்பொருள் அதைச் செய்கிறது என்பது பிடிபட்டது 1930களில். இடைப்பட்ட நூற்றைம்பது ஆண்டுகளும் "வழிமுறை தெரியவில்லை, ஆகவே ஆபத்தில்லை" என்று உட்கார்ந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் செத்திருப்பார்கள்? மரபணுவை உடைக்காமலே செல்லைத் தடம் புரளவைக்கும் பொருள்கள் உண்டு. இயற்பியல் மட்டும் இந்தக் கேள்வியை மூடிவிட முடியாது.

இன்னொன்று. யார் பணம் கொடுத்தது என்று பாருங்கள். அன்கே ஹஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் கைப்பேசிக் கதிர்கள் பற்றிய 59 ஆய்வக ஆய்வுகளை எடுத்து 2007 இல் வெளியிட்ட கணக்கில், தொழில்துறைப் பணத்தில் மட்டும் நடந்தவைதாம் "விளைவு உண்டு" என்று சொல்வது ஆகக் குறைவாக இருந்தது.

சகோதரி வெண்ணிலா, உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பேசும் விதம் தவறு. ஆனால் அவர்களின் சந்தேகம் முட்டாள்தனம் அல்ல.

ஆழ்கடல்

முப்பது ஆண்டுகள் புற்றுநோய்ப் பதிவேட்டுத் தரவுகளோடு வேலை செய்தவன். ஓய்வு பெற்றுவிட்டேன், எந்த நிறுவனத்துக்கும் நான் கடன்பட்டவன் இல்லை.

சகோதரி, "உண்டா, இல்லையா" என்று ஆய்வுகளைக் கேட்காதீர்கள். ஒவ்வோர் ஆய்விடமும் "போன் பேசியதை எப்படி அளந்தாய்?" என்று கேளுங்கள். இந்த முரண்பாட்டில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. புகைபிடிப்பவரின் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பத்து மடங்குக்கு மேல். அவ்வளவு பெரிய வேறுபாட்டை, முரட்டுத்தனமாக அளந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். இங்கே நாம் தேடுவது, இருந்தால், மிகச் சிறியது. அளவுகோலின் பிசகே அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

2011 வகைப்பாட்டைப் பற்றி ஒரு சொல். பிரான்சின் லியோன் நகரில் 14 நாடுகளைச் சேர்ந்த 31 அறிவியலாளர்கள் கூடி, வானொலி அலைகளை 2பி என்ற வகையில் வைத்தார்கள். "சான்று குறைவு, ஆனால் தள்ளிவிட முடியவில்லை" என்பது அதன் பொருள். கற்றாழை முழு இலைச் சாறு, 2023 இல் சேர்த்த அஸ்பார்டேம் எல்லாம் அதே வகைதான். அந்த வகைப்பாடு சான்றின் வலுவைச் சொல்கிறது, ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. இதை நாளிதழ்கள் அன்றும் விளக்கவில்லை, இன்றும் விளக்குவதில்லை.

அந்தக் கூட்டத்தில் பெரிதும் எடை போட்டது இரண்டு தரவுகளை: 13 நாடுகளில் நடந்த இன்டர்போன் ஆய்வும், அபாயம் கணிசமாகக் கூடுகிறது என்று சொன்ன, ஸ்வீடனின் லென்னார்ட் ஹார்டெல் குழுவினரின் ஆய்வுகளும். இரண்டுமே நோயாளிகளையும் நலமாக இருப்பவர்களையும் கேள்வி கேட்டு ஒப்பிட்டவை. அதாவது, நினைவை நம்பியவை.

வெண்ணிலா

ஐயா, "நினைவை நம்பியவை" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அறுவை முடிந்த மூன்றாம் வாரம், ஓர் ஆய்வுக்காக ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். நல்ல பெண், பொறுமையாகக் கேட்டார். முதல் போன் எந்த ஆண்டு வாங்கினீர்கள், அதற்கு வெளியே நீட்டிய ஆண்டெனா இருந்ததா, 2003 இல் ஒரு நாளைக்கு எத்தனை அழைப்புகள், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம். தம்பி ஒவ்வொரு கேள்விக்கும் கூரையைப் பார்த்துவிட்டு ஓர் எண்ணைச் சொன்னான். "நாற்பது... இல்லை, அறுபது என்று போடுங்கள்." அந்த இருபது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது.

பிறகு அவர் கேட்டார்: "பெரும்பாலும் எந்தக் காதில் வைத்துப் பேசுவீர்கள்?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. வலக்கை மெல்ல மேலே போனது. கட்டுப் பிரித்த இடத்தில், தையலை ஒட்டி, முடி முளைக்கத் தொடங்கியிருந்த இடத்தில் விரல்களை வைத்துக்கொண்டான். "இங்கேதான்" என்றான். அவர் "வலது" என்று எழுதிக்கொண்டார்.

ஆழ்கடல்

இந்த வரிகளை எழுதியதற்கு நன்றி. முப்பது ஆண்டுகளில் நான் படித்த எத்தனையோ அறிக்கைகளில் இது ஒரு சொற்றொடராகத்தான் இருக்கும்: "நினைவுச் சாய்வு."

உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. தலையில் கட்டி வந்த யாரும் காரணத்தைத் தேடுவார்கள். தேடும்போது பழைய நாட்கள் அந்தக் காரணத்தைச் சுற்றி வந்து அமர்ந்துகொள்ளும். நலமாக இருப்பவருக்கு அப்படித் தேட வேண்டிய தேவையே இல்லை. அவர் "ஏதோ பத்து நிமிடம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். இன்டர்போன் குழுவினரே தொலைபேசி நிறுவனப் பதிவுகளோடு ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். காலம் பின்னே போகப் போக நோயாளிகள் தம் பேச்சு நேரத்தை மிகையாகச் சொல்வது அதில் தெரிந்தது. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களிலும் ஒப்பீட்டுக் குழுவினரைவிட நோயாளிகளே கூடுதல்.

இனி, 2010 இல் வெளியான அதன் முடிவைப் பாருங்கள். 2,708 கிலியோமா நோயாளிகள். கிலியோமா என்பது மூளைக் கட்டிகளில் ஒரு குடும்பம், உங்கள் தம்பிக்கு வந்த கிளியோபிளாஸ்டோமாவும் அதில் ஒன்று. வழக்கமாகக் கைப்பேசி பயன்படுத்தியவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களை ஒப்பிட, கிலியோமா அபாயம் 0.81 (1 என்றால் இருவருக்கும் சமம்). அதாவது கைப்பேசி பேசினால் மூளைக் கட்டி குறைகிறது! யாரும் அதை நம்பவில்லை, ஆய்வாளர்களும் நம்பவில்லை. காரணம் ஒப்பீட்டுக் குழு. அழைக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் கலந்துகொண்டார்கள். மறுத்தவர்களிடம் கைப்பேசிப் பழக்கம் குறைவு. ஆகவே நலமானவர்கள் பக்கத்தில் பேசுகிறவர்கள் செயற்கையாகக் கூடிவிட்டார்கள்.

அதே ஆய்வில், மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசிய உச்சப் பத்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் அபாயம் 1.40. பத்து ஆண்டுகளுக்குப் பரப்பினால் நாளுக்கு அரை மணி நேரத்தைத் தொடவில்லை. அதற்குக் கீழே உள்ள ஒன்பது படிகளிலும் உயர்வு இல்லை. கடைசிப் படியில் மட்டும் திடீரென்று எழுகிறது. அது உண்மையான அபாயமா, அறுபது என்று போடச் சொன்ன நினைவா? ஒரே கட்டுரையை வைத்து இருதரப்பும் இன்றுவரை வாதாடுவது அந்த ஒரு படியை முன்னிட்டுத்தான்.

தீக்குச்சி

ஐயா, நினைவுச் சாய்வை ஏற்கிறேன். வெண்ணிலா எழுதியதைப் படித்த பிறகு ஏற்காமல் இருக்க முடியாது. ஆனால் நினைவை நம்பாத ஆய்வுகள் என்று கொண்டாடப்படுபவற்றின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும்.

டென்மார்க் ஆய்வு. 1995 வரை சந்தா எடுத்தவர்கள் பட்டியலை வாங்கி, 3,58,403 பேரைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, 2011 இல் "உயர்வு இல்லை" என்றார்கள். யாரை விட்டுவிட்டார்கள் தெரியுமா? நிறுவனத்தின் பெயரில் இருந்த இணைப்புகளை. 1990களில் போனில் மணிக்கணக்காகப் பேசியவர்கள் யார்? நிறுவனம் போன் வாங்கிக் கொடுத்தவர்கள்தானே? அவர்கள் "பேசாதவர்கள்" பக்கத்தில் எண்ணப்பட்டார்கள். 1995க்குப் பிறகு போன் வாங்கிய அத்தனை பேரும் அதே பக்கத்தில்தான். உங்கள் தம்பி டென்மார்க்கில் பிறந்திருந்தால், சகோதரி, 2001 இல் போன் வாங்கிய அவரும் அந்தக் கணக்கில் கைப்பேசி இல்லாதவர்.

பிரிட்டனின் பத்து லட்சம் பெண்கள் ஆய்வு. 2022 இல் வந்த கட்டுரையில் 7,76,156 பெண்கள். பிரம்மாண்டம்தான். ஆனால் 2011 இல் கேட்டபோது, கைப்பேசி வைத்திருந்த பெண்களில் வாரத்துக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ பேசியவர்கள் 18 விழுக்காடுதான். வாரத்துக்கு! நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் பேசிய ஒருவருக்கு இந்த ஆய்வு என்ன பதில் சொல்லும்?

ஆழ்கடல்

இரண்டு குறைகளும் உண்மை. மறுக்க மாட்டேன். பேசியவரைப் பேசாதவர் கணக்கில் சேர்த்தால், இருக்கிற அபாயமும் மங்கித் தெரியும். நினைவை நம்பும் ஆய்வு ஒருபக்கம் சாய்கிறது, சந்தாப் பட்டியலை நம்பும் ஆய்வு மறுபக்கம் மழுங்குகிறது. முரண்பாட்டின் எலும்பு இதுதான்.

இதைச் சரிசெய்யவே காஸ்மாஸ் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். நோய் வருவதற்கு முன்பே ஆட்களைச் சேர்த்து, அவர்கள் சொன்னதையும் தொலைபேசி நிறுவனப் பதிவையும் இணைத்துப் பேச்சு நேரத்தைத் திருத்திக் கணக்கிட்டார்கள். 2024 இல் முதல் முடிவு: 2,64,574 பேர், இடைநிலையாக ஏழு ஆண்டுக் கண்காணிப்பு, 149 கிலியோமா. ஒவ்வொரு நூறு மணி நேரத்துக்கும் அபாயம் 1.00. அசையவில்லை. 1,908 மணி நேரத்துக்கு மேல் பேசிய உச்சப் பிரிவில் 1.07.

ஆனால் அந்த 1.07இன் தடுமாற்ற எல்லையை, அதாவது உண்மையான எண் எதற்குள் இருக்கக்கூடும் என்ற வரம்பை, பாருங்கள்: 0.62 முதல் 1.86 வரை. இன்டர்போனின் 1.40 அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே காஸ்மாஸ் "பெரிய அபாயம் இல்லை" என்று உறுதியாகச் சொல்கிறது. "உச்சப் பிரிவினருக்குச் சிறு அபாயமும் இல்லை" என்று சொல்லும் அளவுக்கு அதனிடம் நோயாளிகள் இன்னும் இல்லை. அதைச் சொல்ல மேலும் சில ஆண்டுக் கண்காணிப்பு வேண்டும்.

கருங்குயில்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது, கதிர் ஆழமாகப் போகும் என்கிறார்களே? அதைப் பற்றி ஆய்வே இல்லையா?

மின்மினி

உண்டு, கருங்குயில். மோபி-கிட்ஸ் என்று 14 நாடுகளில் நடந்தது. பத்து முதல் இருபத்து நான்கு வயதுக்குட்பட்ட, மூளைக் கட்டி வந்த 899 பேரை ஒப்பிட்டார்கள். அபாயம் கூடவில்லை. இன்டர்போனைப் போலவே ஒன்றுக்குக் கீழேதான் எண்கள் வந்தன, ஆகவே அதே சாய்வு அங்கும் இருந்திருக்கலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். மெல்லிய மண்டையோட்டினால் குழந்தை மூளையின் சில பகுதிகள் கூடுதலாக உறிஞ்சும் என்பது உண்மைதான்.

இன்று பிள்ளைகள் போனைக் காதில் வைப்பதே அரிது, கண்ணெதிரே பிடித்துக்கொள்கிறார்கள். தூரம் கூடினால் அலை வேகமாக வலுவிழக்கும். போன் தொழில்நுட்பத்தின் தலைமுறையும் (2ஜி, 3ஜி என்கிறோமே) மாறிவிட்டது. இரண்டாம் தலைமுறைப் போன் உச்சத்தில் இரண்டு வாட் வரை அனுப்பும், சராசரி கால் வாட். மூன்றாம் தலைமுறை வந்ததும் பேச்சின்போதான வெளியீடு பல பத்து மடங்கு சரிந்தது, சில அளவீடுகளில் நூறு மடங்குக்கும் மேல். கவனிக்க வேண்டியது ஒன்று: சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும்போது போன் முழு வலுவோடு கத்தும். அப்போது காதில் ஒட்டி வைத்து நெடுநேரம் பேச வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அது போதும்.

தீக்குச்சி

மனிதர்களை விடுங்கள். எலிக்கு நினைவுச் சாய்வு கிடையாது. தன் கூண்டுக்கு அலை வருகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம், 2018. நாளுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரம், பத்து நிமிடம் அலை, பத்து நிமிடம் இடைவெளி, இரண்டு ஆண்டுகள், தாயின் வயிற்றிலிருந்தே. ஒப்பீட்டுக் குழுவின் 90 ஆண் எலிகளில் இதய ஷ்வானோமா, அதாவது நரம்பைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்லில் பிறக்கும் கட்டி, ஒன்றுகூட இல்லை. ஆக உயர்ந்த அளவில் ஒரு வகை அலைக்கு 90 இல் 5, இன்னொரு வகைக்கு 90 இல் 6. மூளைக் கிலியோமாவும் சில. இதயக் கட்டிக்குத் "தெளிவான சான்று" என்று எழுதியது நானல்ல, அவர்கள்.

அதே ஆண்டு இத்தாலியின் ராமாசினி நிறுவனம் 2,448 எலிகளை வைத்து, கோபுரத்திலிருந்து வருவது போன்ற வலுக்குறைந்த அலையில் சோதித்தது. அங்கும் ஆண் எலிகளுக்கு அதே இதய ஷ்வானோமா. இரண்டு நாடுகள், இரண்டு ஆய்வகங்கள், ஒரே அரிய கட்டி. மனிதரின் செவி நரம்பில் வரும் கட்டியும் ஷ்வான் செல்லில் பிறப்பதுதான். இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட்டுத் தூங்க என்னால் முடியவில்லை.

மின்மினி

நண்பரே, இந்த இடத்தில் நானும் தடுமாறியிருக்கிறேன். எண்களைத் தேடிப் படித்தேன். அந்த எலிகள் பெற்ற அலை முழு உடம்புக்கும் கிலோவுக்கு 1.5, 3, 6 வாட். பொதுமக்களுக்கு முழு உடம்புக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.08 வாட். 6 வாட் என்பது அதைப்போல் எழுபத்தைந்து மடங்கு. ஆண் எலிக்கு வந்தது பெண் எலிக்கு அந்த அளவில் வரவில்லை, சுண்டெலிக்கும் வரவில்லை.

இன்னொன்று எனக்குப் புதிராக இருக்கிறது: அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன.

ஆழ்கடல்

புதிர்தான், ஆனால் அதை ஒதுக்கிவிட்டு எண்களைப் படிக்கக் கூடாது. ஒப்பீட்டுக் குழுவின் ஆண் எலிகளில் இரண்டு ஆண்டு முடிவில் மிஞ்சியவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வயதில் ஆண் எலிகளைத் தாக்கும் சிறுநீரக நோயில் பல முன்பே இறந்துவிட்டன. கட்டி முதுமையின் நோய். சீக்கிரம் இறந்த எலிக்குக் கட்டி வர வாய்ப்புக் குறைவு. ஆகவே அந்தப் பூஜ்யம் உண்மையான பூஜ்யமா, வாழக் கிடைக்காத நாட்களின் பூஜ்யமா என்ற ஐயம் இருக்கிறது.

அதற்காகத் தீக்குச்சியின் கவலையை நான் தள்ளவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 2025 இல் வந்த விலங்கு ஆய்வுகளின் மீளாய்வு, ஆண் எலிகளின் இதய ஷ்வானோமாவுக்குச் சான்றின் உறுதி உயர்வு என்றே மதிப்பிட்டிருக்கிறது. மனித ஆய்வுகளை எடுத்த 2024 மீளாய்வோ, 63 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு மூளைப் புற்றுநோய்க்குத் தொடர்பில்லை என்கிறது. ஒரே நிறுவனத்துக்காக எழுதப்பட்ட இரண்டு மீளாய்வுகள். வெண்ணிலா முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. எலி பெற்ற அளவு வேறு, மனிதர் பெற்ற அளவு வேறு என்பதால் இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம்.

பாரி

ஒரு எளிய கேள்வி. உலகம் முழுக்கப் போன் வந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. நோய் கூடியிருந்தால் பதிவேட்டில் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆழ்கடல்

நான் உயிரைக் கொடுத்து வேலை செய்த இடம் அதுதான், பாரி. சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை.

2012 இல் அமெரிக்கப் பதிவேட்டை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஹார்டெல் குழு சொன்ன அபாயம் உண்மையென்றால் 2008 இல் கிலியோமா எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? கிடைத்த எண், பதிவேட்டில் உள்ளதைவிட நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் அதிகம். அத்தனை நோயாளிகளைப் பதிவேடு தவறவிட முடியாது. ஆகவே ஹார்டெல் சொல்லும் அளவுக்கு அபாயம் இருக்க முடியாது. ஆனால் இன்டர்போனின் உச்சப் படியில் மட்டும் தெரிந்த சிறு உயர்வு? அது உண்மையாக இருந்தாலும் பதிவேட்டின் கோட்டில் தனியாகத் தெரிந்திருக்காது என்றும் அதே கட்டுரை சொல்கிறது. டென்மார்க், ஸ்வீடன் முதலான நார்டிக் நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் கோடு போனோடு சேர்ந்து ஏறவில்லை.

இங்கிலாந்தில் மட்டும் ஒன்று உறுத்தும். 1995க்கும் 2015க்கும் இடையில் கிளியோபிளாஸ்டோமா இரண்டு மடங்குக்கு மேல் கூடியது, முக்கியமாக நெற்றி மடலிலும் பொட்டு மடலிலும். அதே காலத்தில் ஸ்கேன் பரவியது. முன்பு "முதுமை மறதி" என்று எழுதி அடக்கம் செய்யப்பட்ட எண்பது வயதினருக்கு இப்போது சரியான பெயர் எழுதினார்கள். கட்டிகளை வகைப்படுத்தும் முறையும் மாறியது. என் கணிப்பில் ஏற்றத்தில் பெரும்பகுதி இவற்றால்தான். முழுவதும் இவற்றால்தானா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

வெண்ணிலா

எல்லோருடைய பதிவையும் அச்சிட்டு வைத்துப் படித்தேன்.

நேற்று இரவு பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன். தேடியது எதை என்று உங்களுக்குத் தெரியும். தம்பி போன் பேசும் படங்கள் பதினொன்று கிடைத்தன. குடும்ப விழாக்களில்கூட அவன் பேசிக்கொண்டேதான் நிற்பான். ஒன்பதில் போன் இடக்காதில் இருக்கிறது. இப்போதுதான் புரிகிறது: அவன் வலக்கைக்காரன், லாரி எண்ணையும் நேரத்தையும் எழுத வலக்கை வேண்டும். போனை இடத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுதுவான். எத்தனையோ ஆண்டுகள் கண்ணால் பார்த்த நானும், அந்தப் பெண் கேட்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், "வலது" என்று அவன் சொன்னதை மறுக்கவில்லை. எனக்கும் அப்போது அது சரியாகவே பட்டது.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது?

ஆழ்கடல்

முதலில் ஓர் எச்சரிக்கை, சகோதரி. பதினொரு படங்களை வைத்து "போன் காரணம் இல்லை" என்று சொல்லிவிட முடியாது. அவை காட்டுவது நினைவு எப்படி நகர்கிறது என்பதை மட்டும்தான்.

அவர் கேட்ட கேள்விக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது. இன்டர்போனின் அந்த 1.40 முழுவதும் உண்மை, நினைவுச் சாய்வு துளியும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். போன் இல்லாத உலகில் பத்துப் பேருக்கு வரும் நோய், போன் உள்ள உலகில் பதினான்கு பேருக்கு வருகிறது. அதாவது நோயோடு படுத்திருக்கும் பதினான்கு பேரில் பத்துப் பேருக்குப் போனே இல்லாவிட்டாலும் வந்திருக்கும். "இயர்போன் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன்" என்பது, நமக்குக் கிடைத்த எண்களில் பாதகமான ஒன்றை அப்படியே நம்பினாலும், பெரும்பாலும் உண்மை இல்லை.

தீக்குச்சி

நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிரான்சில் 2014 இல் வந்த செரனாட் ஆய்வில் 896 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களுக்குக் கிலியோமா அபாயம் 2.89. அதை நம்பினால் ஐயாவின் கணக்கு தலைகீழாகும்.

ஆனால் அதுவும் நோயாளிகளைக் கேட்டு எழுதியதுதான். இந்த இழையில் நான் கற்றுக்கொண்டது அது. வெண்ணிலா, உங்கள் தம்பியிடம் நான் ஒன்றும் சொல்லத் தகுதியற்றவன். ஆனால் ஒன்று: 2001 இல் அந்த வேலையில் இருந்த யாரிடமும் எந்த நிறுவனமும் "காதிலிருந்து தள்ளி வைத்துப் பேசு" என்று எச்சரித்ததில்லை. அபாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குற்றம் அவருடையது அல்ல. அதைச் சொல்லுங்கள்.

வெண்ணிலா

சொன்னேன். இரண்டையும் சொன்னேன், பதினான்கில் பத்து என்பதையும், தீக்குச்சி எழுதியதையும். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மீதி நாலு பேரில் நான் இருக்கிறேனா?" என்றான். யாராலும் சொல்ல முடியாது என்றேன். சரி என்று தலையாட்டினான். படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அந்தப் பெண்ணிடம் தப்பாகச் சொல்லிவிட்டேனே, அவர் கணக்கு கெட்டுவிடுமே" என்று பதறினான்.

இன்று காலை அந்த ஆய்வுக் குழுவுக்குத் தொலைபேசி செய்தேன். வலது என்பதை இடது என்று மாற்ற வேண்டும், படங்கள் இருக்கின்றன என்றேன். அவர் நன்றி சொன்னார், ஆனால் மாற்ற மறுத்துவிட்டார். குறிப்பாக மட்டும் எழுதி வைத்துக்கொள்வாராம். தம்பிக்கு இது பெரிய குறையாக இருக்கிறது. ஏன் மாற்றக் கூடாது ஐயா?

ஆழ்கடல்

அவர் செய்தது சரி என்று தம்பியிடம் சொல்லுங்கள். நலமாக இருக்கும் ஒப்பீட்டுக் குழுவினர் யாருடைய அக்காவும் இரவெல்லாம் பழைய படங்களைத் தேடியிருக்க மாட்டார். நோயாளிகளின் பதில்களை மட்டும் திருத்தி, மற்றவர்களுடையதை அப்படியே விட்டால், ஒரு சாய்வை நீக்கப் போய் இன்னொன்றைச் சேர்த்துவிடுவோம். இரு பக்கத்தையும் ஒரே மாதிரி கேட்க வேண்டும், ஒரே மாதிரி பிழைவிட வேண்டும். அப்போதுதான் பிழையின் அளவைக் கணக்கிட முடியும்.

அந்தக் குறிப்பு வீணாகாது. பதில்கள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்று பின்னால் சோதிக்கும்போது அதை யாரோ ஒருவர் எடுத்துப் படிப்பார். படங்களைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள். கேட்டால் கொடுங்கள்.